வடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும்

என்னிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. கிரேட்டர் நொய்டா ஆலையில் தயாரான முதல் தலைமுறைக் கார், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் ஐந்து கியர், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங். பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்த பிறகு, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துச் சென்னையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பவர் ஸ்டீயரிங் ஆயில் என ஐந்து திரவங்கள் இருக்கின்றன. சர்வீஸ் பில்லைப் புரட்டினால் எஞ்சின் ஆயிலுக்கு மட்டும் தனி வரி இருக்கும். மற்ற நான்கும் ‘டாப் அப்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும்.

அந்தச் சொல்மீது எனக்கு இன்று நம்பிக்கை இல்லை. குறைந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றினால் குறியளவு சரியாகிவிடும். உள்ளே இருப்பது என்ன நிலையில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். பழைய காருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். புதிய எண்ணெயின் தரத்தைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். வெளியே வந்த எண்ணெயைத் தட்டில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பவர்கள் குறைவு. நான் இந்த வேலைகளை என் கைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் பணம் மிச்சமாகும் என்பதல்ல. வடிந்து வருவதை நானே பார்க்க வேண்டும் என்பதுதான்.

இதைக் கற்றுத் தந்தது 2015 டிசம்பர் வெள்ளம். கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீரில் கார் நின்றது. சாவியைத் திருப்பாமல் வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்பினோம். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்கள், தரைவிரிப்பைக் கழற்றிக் காயவைத்தார்கள், பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். கியர் ஆயிலைப் பற்றிக் கேட்டதற்கு, “அது மூடிய பெட்டி சார், தண்ணீர் போகாது” என்றார்கள்.

கியர் பெட்டி முற்றிலும் மூடியது அல்ல. அதன் மேல் பகுதியில் காற்று போய்வருவதற்கு ஒரு சிறு துளை உண்டு. ஓடும்போது பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற வழியில்லை என்றால், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்கள் பிதுங்கிவிடும் என்பதற்காக வைத்தது. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்காற்று சுருங்கும்; அதே துளை வழியாகவும், தேய்ந்த சீல்களின் ஓரமாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கார் வீட்டுக்கு வந்த பின், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நானே கியர் ஆயிலை வடித்தேன். பால் கலந்த தேநீர்போல வந்தது. அந்தக் கலவையில் இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால் பேரிங்குகள் துருப்பிடித்திருக்கும். புதிய ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி வடித்து, நிறம் தெளியும் வரை செய்தேன். அந்தக் கியர் பெட்டி இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

முன்சக்கர இயக்கக் கார்களில் கியர் ஆயில் மாற்றுவது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நல்ல வேலை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பக்கவாட்டில் உள்ள ஊற்றும் போல்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது கழன்ற பிறகுதான் கீழே உள்ள வடிக்கும் போல்டைத் தொட வேண்டும். இருபது ஆண்டுகளாக யாரும் தொடாத ஊற்றும் போல்ட் இறுகிக் கிடந்து, உள்ளே இருந்ததை ஏற்கெனவே வடித்துவிட்டால், கார் இருந்த இடத்தை விட்டு நகர முடியாது. சிட்டியில் வடிக்கும் போல்டின் தலையில் சதுரக் குழி இருக்கும். எட்டில் மூன்று (3/8) அங்குல ராட்செட்டின் முனை நேராக அதில் பொருந்தும். இரண்டு போல்ட்களுக்கும் நசுங்கும் வகை அலுமினிய வாஷர் உண்டு. அது ஒரு முறைக்கு மட்டும்தான். ஒரு டீயின் விலைகூட இல்லாத அந்த வாஷரை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஒழுகுகிறது என்று போல்டை மேலும் மேலும் இறுக்கி, அலுமினியப் பெட்டியின் மரையைக் கெடுத்துக்கொண்ட கார்களைப் பார்த்திருக்கிறேன்.

கார் சமமாக நிற்க வேண்டும் என்பதும் இங்கே கட்டாயம். ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரம்பி, மிகுதி தானே வழிய வேண்டும், அதுதான் அளவு. முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் அளவு தவறும். வடிக்கும் போல்டின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போன்ற நுண்தூள் ஒட்டியிருப்பது இயல்பு, துடைத்துவிடலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துணுக்குகள் இருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது என்று பொருள்.

எந்த ஆயில் என்பதில் கடைக்காரரின் பேச்சைவிடக் காரின் கையேட்டுக்குத்தான் மதிப்புத் தர வேண்டும். ‘கியர் ஆயில்’ என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கான கெட்டியான ஜி.எல்-5 வகையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வகையில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதிகம். கியர்களை ஒன்றோடொன்று இணையச் செய்யும் பித்தளை வளையங்களை அவை நாளடைவில் அரிக்கக்கூடும். ஹோண்டாவோ இந்தப் பெட்டிக்குத் தன்னுடைய எம்.டி.எஃப். என்ற மெல்லிய எண்ணெயையே கேட்கிறது. அக்காலக் கையேடுகளில் அது கிடைக்காத இடத்தில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலையே ஊற்றலாம் என்றுகூட இருக்கும். காலையில் முதல் கியர் முரண்டு பிடிக்கும் பழைய சிட்டிகளில் பல, யாரோ ஊற்றிய கெட்டி எண்ணெயால்தான் அப்படி இருக்கின்றன. கிளட்ச் மாற்றுவதற்கு முன் அதை வடித்துப் பார்ப்பது நல்லது.

காரின் அடியில் போகும் எவரும் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். உடலின் விளிம்பில் ஜாக்கிக்கென்று கெட்டியாக்கிய இடங்களில்தான் அதை வைக்க வேண்டும், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும், கை பிரேக் இழுத்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் இறக்கியதும் காரைத் தோளால் பலமாக ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவேன். கழற்றிய டயரை விளிம்புக்கு அடியில் படுக்கவைப்பது இன்னொரு காவல். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துபவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

இனி ஸ்டீயரிங். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஒரு மார்கழியில் காலை நேரத்தில் மட்டும் ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. ஸ்டார்ட் செய்து, நிறுத்துமிடத்திலிருந்து வெளியே எடுக்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எஞ்சின் அறையிலிருந்து நீண்ட முனகல் வரும். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். வாரங்கள் செல்லச் செல்ல மதியத்திலும் கேட்டது. திருப்பும்போது இடையில் ஒரு கணம் கனத்து, பிறகு இளகியது. பணிமனையில் பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது என்றார்கள். புதிய பம்ப் கிடைப்பது கடினம், பழைய மார்க்கெட்டில் எடுத்துப் போடலாம், ரேக்கும் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பகுதி) சேர்த்து மாற்றினால் நல்லது என்று ஒரு பெரிய மதிப்பீடும் வந்தது. வீட்டுக்கு வந்து பவர் ஸ்டீயரிங் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் சிவப்பாக இருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது.

அந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு செய்திகள்.

சிவப்பு நிறம், யாரோ ஏ.டி.எஃப். ஊற்றியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னது. தானியங்கி கியர் பெட்டிக்கான அந்த எண்ணெயைப் பல நிறுவனங்களின் பழைய கார்கள் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏற்றுக்கொள்கின்றன. டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று அந்த எண்ணெயின் வகைப் பெயர் அவற்றின் மூடியிலேயே எழுதியிருக்கும். அதனால்தான் ‘பவர் ஸ்டீயரிங் என்றால் சிவப்பு ஆயில்’ என்பது பணிமனைகளில் பழக்கமாகிவிட்டது. ஹோண்டாவோ தன் பவர் ஸ்டீயரிங் எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. அது வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும். அதன் சேர்மானங்கள் அந்தப் பம்பில் உள்ள ரப்பர் சீல்களுக்கு ஏற்றபடி அமைந்தவை, ஏ.டி.எஃப். அவற்றைக் கெடுக்கக்கூடும். டாப் அப் என்ற சொல்லுக்குள் எனக்கே தெரியாமல் இது நடந்திருந்தது.

நுரை சொன்ன செய்தி அதைவிடப் பயனுள்ளது. எண்ணெய்க்குள் காற்று கலக்கிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஒழுகாமல் காற்று எப்படிப் புகும் என்பதை யோசித்தால் பழுது இருக்கும் இடம் பிடிபடும். பம்புக்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் தொட்டியிலிருந்து உறிஞ்சுகிறது, மறுபக்கம் ரேக்குக்கு அழுத்தித் தள்ளுகிறது. தள்ளும் பக்கத்தில் அழுத்தம் 60 பாருக்கும் மேலே போகும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்). அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியே வரும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே இடைவெளி இருந்தால் எண்ணெய் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுக்குமிழிகள் பம்புக்குள் நசுங்கும் சத்தம்தான் முனகல். குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாகவும் ரப்பர் விறைப்பாகவும் இருப்பதால் சத்தம் அப்போது அதிகம்.

உறிஞ்சும் குழாய் பம்பில் சேரும் இடத்தில், இரண்டு சிறிய போல்ட்களால் இறுக்கிய ஓர் இணைப்பு இருக்கிறது. அதற்குள் கசிவை அடைக்கும் ஒரு ரப்பர் வளையம், ஓ ரிங். ஹோண்டாக்களின் பல மாடல்களில் முனகலுக்கு அதுவே காரணம் என்பது அந்தக் கார்களோடு நெடுநாள் பழகியவர்களுக்குத் தெரிந்த செய்தி. கழற்றினேன். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் தட்டையாகி, பிளாஸ்டிக் வளையம்போல விறைத்துவிட்டிருந்தது, வளைத்தால் முறிந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஜி.பி. சாலைக்குப் போனேன். சென்னையில் பழைய காருக்குப் பாகம் தேடுபவர்கள் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. சாலைக்கும் போகாமல் இருக்க முடியாது. கழற்றிய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, புதிதாக வேண்டுமென்றால் ஜி.பி. சாலை. ஓ ரிங்கைக் கழற்றிய பாகமாக வாங்குவதில் பொருளே இல்லை. நான் போன கடையின் பெரியவர் உடைந்த துண்டுகளை மேசைமேல் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, “எண்ணெயில் கிடக்கிற ரப்பரா, தண்ணீரில் கிடக்கிறதா?” என்று கேட்டார். சரியான கேள்வி அது. தண்ணீர்க் குழாய்க்கான ரப்பரும் பிரேக்குக்கான ரப்பரும் கனிம எண்ணெயில் ஊறினால் வீங்கிக் கூழாகிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரில், உள்விட்டமும் கனமும் பொருந்துகிற வளையத்தை எடுத்துத் தந்தார். இரண்டாகவே வாங்கிக்கொண்டேன்.

வளையத்தைப் போடுவதோடு வேலை முடியாது. உள்ளே இருக்கும் சிவப்பு எண்ணெய் முழுவதும் வெளியேற வேண்டும். தொட்டியில் இரண்டு குழாய்கள் இருக்கும்; பம்புக்குப் போகும் தடித்தது ஒன்று, ரேக்கிலிருந்து திரும்பி வரும் மெல்லியது ஒன்று. மெல்லிய குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, தொட்டியின் திறந்த வாயை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபக்கமும் திருப்பி வடிப்பது கையேட்டு முறை. எண்ணெய் நின்ற கணமே எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். தனியாகச் செய்பவருக்கு அது பொருந்தாது. சில நொடிகள் தவறினாலும் பம்ப் வறண்டு ஓடும். நான் முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்புகிறேன். ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனே பழைய எண்ணெயை வெளியே தள்ளிவிடும். தொட்டியில் புதியதை ஊற்றிக்கொண்டே திருப்பினால், பாட்டிலில் விழும் நிறம் சிவப்பிலிருந்து வெளிறிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு லிட்டர் கையில் இருந்தால் தெளியும் வரை போதும்.

குழாயைத் திரும்ப மாட்டிய பிறகு அவசரப்படக் கூடாது. எஞ்சினை ஓட்டாமலேயே மறுபடி பல முறை முனைக்கு முனை திருப்பினால் தொட்டியில் குமிழிகள் எழும்பி உடையும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நேராக ஸ்டார்ட் செய்தால் பம்ப் அந்தக் காற்றை எண்ணெயோடு அடித்து நுரையாக்கிவிடும். பிறகு அது அடங்க ஓர் இரவு காத்திருக்க வேண்டியிருக்கும். தொட்டியின் அடியில் உள்ள வலையையும் பார்க்க வேண்டும். அதில் கசடு அடைத்திருந்தால், புது ஓ ரிங் போட்டாலும் பம்ப் உறிஞ்சத் திணறும். வலையைக் கழற்ற முடியாத தொட்டி என்றால் கழுவிப் பார்க்கலாம், அல்லது தொட்டியையே மாற்றலாம்.

முனகல் அன்றே நின்றது. அந்தப் பம்ப்தான் இன்றும் ஓடுகிறது.

முழுத் திருப்பத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தை அன்றிலிருந்து வீட்டில் அனைவருக்கும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். சக்கரம் கடைசி வரை திரும்பிய பிறகும் அழுத்திப் பிடித்தால், போக வழியில்லாத எண்ணெய் பம்புக்குள்ளேயே உச்ச அழுத்தத்தில் சுற்றிக் கொதிக்கிறது. ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. விரலளவு தளர்த்தினால் போதும்.

ஸ்டீயரிங் கனக்கிறது என்றால் அனைவரும் பம்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். நான் கடைசியில் பார்ப்பது அதை. டயர்க் காற்று குறைந்தாலே கனக்கும்; முதலில் அது. அடுத்து பவர் ஸ்டீயரிங் பெல்ட்: இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தளர்ந்த பெல்ட் திருப்பும்போது கிறீச்சிடும், அது முனகலிலிருந்து வேறுபட்ட ஓசை. பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் ஓடாமல் கையால் திருப்பிப் பார்ப்பேன். தரையைத் தொடாத சக்கரத்திலும் ஓரிடத்தில் பிடித்தால் ஸ்டீயரிங் தண்டின் கீழ் உள்ள இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். வெள்ளம் பார்த்த கார்களில் இது அடிக்கடி வரும். திருப்பும்போது முன்சக்கரத்தின் சுருள் கம்பி (ஸ்பிரிங்) ‘டங்’ என்று உதைத்தால், ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் பேரிங்தான் காரணம். இத்தனையும் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

கனம் ஒருபுறம் என்றால், ஆட்டம் மறுபுறம். கார் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங் விளிம்பில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வெறும் அசைவு இருக்கக் கூடாது. இருந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும்; அப்போது ஆட்டம் தெரிந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனைகளில் தேய்மானம்: சக்கரப் பக்கத்து டை ராட் எண்டிலோ ரேக் பக்கத்து ரேக் எண்டிலோ. பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட் (உருண்டை இணைப்பு) அல்லது சக்கர பேரிங். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பின்மீதும் விரலை வைத்தால் தேய்ந்தது எது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

டை ராட் எண்ட் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடியதுதான். பழையதைச் சுழற்றிக் கழற்றும் முன், பூட்டு நட் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால், சக்கரங்களின் திசையைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் கடைக்கு ஓட்டிப்போகும் அளவுக்கு நேர் கிடைக்கும். அலைன்மெண்ட் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் டயரின் ஒரு விளிம்பு மொட்டையாகிவிடும். கூம்பு வடிவத் தண்டை வெளியே எடுக்க மரைமீது சுத்தியலால் அடிக்கக் கூடாது. அதற்கென்று உள்ள புல்லரை வாடகைக்கு எடுக்கலாம். பல் வைத்த நட்டை இறுக்கும்போது, அது கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைச் செருகும் துளை நேர்ப்படவில்லை என்றால், நட்டைத் தளர்த்தி நேராக்காமல் இன்னும் சற்று இறுக்கி அடுத்த பல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது வேண்டாம். சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் நட் அது.

ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ‘பூட்’ எனும் ரப்பர் உறை இருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் எதிர்ப்பக்கப் பூட் விரிந்து மடிப்புகளின் இடுக்குகள் தெரியும். கீறல் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் பார்த்துவிடுவேன். கிழிந்த பூட்டுக்குள் புகும் தண்ணீரும் மணலும் பளபளப்பான ரேக் தண்டைச் சொரசொரப்பாக்கி, அந்தத் தண்டு உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை அறுத்துவிடும். சில நூறு ரூபாய்ப் பூட்டைக் கவனிக்காததால் முழு ரேக்கும் போய்விடும். பூட்டை அமுக்கினால் உள்ளே எண்ணெய் குலுங்குகிறது என்றால் சீல் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே கிரீஸ் மட்டும்தான் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பலர் அறிந்தது. எஞ்சினை மிதமாகச் சூடாக்கிய பின் வடிக்க வேண்டும், புது வாஷர் போட வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் முழுவதும் தரைக்கு வந்துவிடும்.

பிரேக் ஆயில் அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இதே அளவுகள் 230, 155. ஏற்காடு இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்து வரும்போது எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை போகும். தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் தாமதிக்காமல் மாற்றலாம். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இதற்கு இருவர் வேண்டும். என் மகள் உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள். நான் சக்கரத்தருகே “மிதி” என்றால் மிதித்து, “பிடித்தேன் அப்பா” என்று பதில் சொன்ன பிறகுதான் பழைய எண்ணெய் வடியும் திருகைத் திறப்பேன். நான் மூடி “விடு” என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. இந்த மூன்று சொற்களுக்கு மேல் பேச்சே இல்லை என்பது எங்கள் ஏற்பாடு. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள். தொட்டி ஒருபோதும் வறளக் கூடாது, சீல் உடைத்து நெடுநாளான பாட்டில் கூடாது, பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கூலன்ட் விஷயத்தில் சென்னைக்காரர்கள் செய்யும் கொடுமை, ஆழ்குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. வாளியின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அடர் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். கலந்தே விற்பதையும் வாங்கலாம். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதால், வெறும் தண்ணீராக இருந்தாலும் உள்ளே 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். நிரப்பும்போது ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, எஞ்சின் மேலிருக்கும் காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி இல்லாத ஒழுக்கு வந்ததும் மூட வேண்டும். வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெரு நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும்.

நான் செய்யாத வேலைகளும் இருக்கின்றன. ரேக்கின் அடியில் ஒரு சரிசெய்யும் திருகு உண்டு. அதை இறுக்கினால் ஆட்டம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் மிகுதியாக இறுக்கினாலும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பழகிய கையும் அளவுக் கருவியும் இல்லாமல் அதைத் தொடுவதில்லை. உயர் அழுத்தக் குழாயில் கசிவு இருந்தால் விரலால் தடவிப் பார்ப்பதும் இல்லை. அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்ப்பேன், ஏனென்றால் ஊசிமுனைத் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். குழாய் மாற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்கிறேன். ஆனால் எண்ணெய் பாட்டிலை நானே வாங்கிக் கொண்டுபோகிறேன், தொட்டியின் மூடியில் ‘ஹோண்டா பி.எஸ்.எஃப். (பவர் ஸ்டீயரிங் ஆயில்) மட்டும்’ என்று அழியாத மையில் எழுதியும் வைத்திருக்கிறேன். பானெட்டின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டி, ஐந்து திரவங்களுக்கும் வகை, மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், வெளியே வந்ததன் நிறம் என்று குறித்துக்கொண்டு வருகிறேன். நிறத்துக்கு ஒதுக்கிய கட்டம்தான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

வடித்த எண்ணெயை எங்கே போடுவது என்பது கடைசியாக யோசிக்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேரும். காலி மனையில் ஊற்றினால் நம் கிணற்றுக்கே திரும்பி வரும். பயன்படுத்திய எண்ணெய் இந்தியச் சட்டப்படி அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் அதை வாங்கிச் சுத்திகரிக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு பணிமனை பீப்பாயில் சேர்த்து அவர்களிடம் கொடுக்கிறது. என் கேன்களை அங்கேதான் ஒப்படைக்கிறேன். எஞ்சின், கியர், பவர் ஸ்டீயரிங் எண்ணெய்களை ஒரே கேனில் சேர்க்கலாம். பிரேக் ஆயிலையும் கூலன்டையும் அதில் கலந்துவிட்டால் முழுக் கேனும் மறுசுழற்சிக்கு ஆகாது. அவற்றைத் தனித்தனி பாட்டில்களில், பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து கொடுத்துவிடுகிறேன்.